காஸ்கின் குடும்பத்துச் சுவர்

ஒரு மணிக்கு அருங்காட்சியகத்தைத் திறந்தன். இப்ப ஒண்டு இருபது. ஒருத்தரும் வரேல்லை. வரவும் மாட்டினம். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, மழையும் பனியும் கலந்து கொட்டேக்கை, இந்தச் சின்ன ஊருக்கு வந்து கறுப்பு ஆக்களின்ர பழைய சாமான்களை ஆர் பாக்கப்போகினம். ஆனா இண்டைக்கு ஒருத்தன் வருவான். வியாழக்கிழமை இதை நடத்திற மிஸிஸ் காஸ்கின் சொன்னவ, சனிக்கிழமை பின்னேரம் என்ர மகன் வந்து பின் யன்னலைத் திருத்தித் தருவான் மிஸ்டர் நாதன், குடும்பத்தோட ஹலிஃபாக்ஸில இருந்து வருகினம், ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில ஆண்டு விழா எல்லோ, நான் சேர்ச் குசினிக்குள்ள நிப்பன், நீங்கள் திறந்து வைச்சிருங்கோ எண்டு. அவ இங்கிலிசிலதான் சொன்னவ. எனக்குள்ள எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலதான் கதைக்கினம், நாப்பது வருசம் கனடாவில இருந்தும் அது மாறேல்லை. நான் சரியெண்டு தலையாட்டினன். அவவின்ர மகன் ஐசையா. ஐசையாவின்ர மனுசி வைதேகி. வைதேகி என்ர மகள். இது மிஸிஸ் காஸ்கினுக்குத் தெரியாது. பதினாலு மாசமா, கிழமையில மூண்டு நாள், அவவுக்கு முன்னால இருந்து கோப்பி குடிக்கிறன். ஒருக்காலும் சொல்லேல்லை.

ரெண்டு மணிக்கு வெளிக்கிடலாம். காய்ச்சல் எண்டு ஒரு துண்டு எழுதிக் கதவில ஒட்டிப்போட்டு, திறப்பைப் பூச்சட்டிக்குக் கீழ வைச்சா, அவன் வந்து எடுத்துத் தன்ர வேலையைப் பாத்திட்டுப் போவான். லோண்ட்ரிக்கு மேல இருக்கிற என்ர அறைக்கு ஏழு நிமிச நடை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. கீழ மெசின் சுத்திற அதிர்வு நிலத்தால ஏறி வந்து உள்ளங்காலில நிக்கும். சில நாள் அது நிண்டாப் பிறகுதான் அண்டைக்கு முழுக்க நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை எண்டு தெரியும். ஏன் ரெண்டு மணி, இப்பவே போகலாமே. ஹீற்றர் ஓடுது, அதை நிப்பாட்ட வேணும், விளக்கு நாலையும் அணைக்க வேணும், அதுக்குள்ள அவன் வந்தா. இந்த அறை ஒரு காலத்தில பள்ளிக்கூடம், கறுப்புப் பிள்ளையளுக்கெண்டு தனியாக் கட்டின ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். மிஸிஸ் காஸ்கின் இதிலதான் படிச்சவ. மூண்டாவது வாங்கைத் தொட்டுக் காட்டினவ, இதில நான், இதில என்ர தங்கச்சி, அடுப்பு அங்க, சூடு இஞ்ச வராது. பிள்ளையள் இருந்த வாங்குகள், எனக்கு முழங்கால் அளவுதான் வரும். அண்டைக்கு இன்னொண்டும் சொன்னவ. சந்தியில இப்ப காப்புறுதிக் கந்தோர் இருக்கிற இடத்தில முந்தி ஒரு சாப்பாட்டுக் கடை இருந்ததாம். பரீட்சையில நல்ல புள்ளி எடுத்தாவெண்டு தகப்பன் அவவைக் கூட்டிக்கொண்டு போய் அங்க இருந்தாராம். ஒரு மணித்தியாலம் இருந்தினமாம், ஒருத்தரும் வந்து என்ன வேணும் எண்டு கேக்கேல்லையாம். பேந்து தகப்பன் எழும்பி, தன்ர தொப்பியைப் போட்டுக்கொண்டு, எனக்கு இண்டைக்குப் பசி இல்லையடி எண்டாராம். அவ அதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. நான் ஓமெண்டு கேட்டுக்கொண்டிருந்தன், என்ர கண்ணுக்கு முன்னால எங்கட வீட்டுக் கோடியில கவுத்து வைச்சிருந்த சிரட்டையள் வந்து நிண்டுது. பனை ஏற வாற மாணிக்கத்துக்கு அதிலதான் தண்ணி. வீட்டில பித்தளைச் செம்பு எட்டோ பத்தோ இருந்தது. சின்ன வயசில நானே வாத்திருக்கிறன், கையில படாமல் உயரத்தில பிடிச்சு வாக்கப் பழக்கினவை. அதை நான் மிஸிஸ் காஸ்கினுக்குச் சொல்லேல்லை. பெரிய அநியாயம் எண்டு சொன்னன். அவ, ஓம், அநியாயம்தான் எண்டுபோட்டு எனக்கு இன்னொரு கோப்பி வாத்துத் தந்தவ.

ஒண்டு நாப்பது. வெளியில ஒரு கார் மெதுவா வந்து, நிக்காமல் போச்சு. எழும்பித் தூசி தட்டுவம். தூசி இல்லை, நேத்தும் தட்டினனான். வடக்குப் பக்கச் சுவர் முழுக்கக் காஸ்கின் குடும்பம். முதல் படம் ஐசையாவின்ர பூட்டனுக்கும் தகப்பன், எலாயஸ், கென்ரக்கியில அடிமையாக் கிடந்து தப்பி, உறைஞ்சு கிடந்த ஆத்தை நடந்து கடந்து கனடாவுக்கு வந்தவராம். படத்தில கதிரையில இருக்கிறார், ரெண்டு கையும் முழங்காலில, சப்பாத்து மினுங்குது. அவருக்குப் பக்கத்தில அவரின்ர மகன், அதுக்குப் பக்கத்தில பேரன், பேரனின்ர மகன், அவர்தான் மிஸிஸ் காஸ்கினின்ர செத்துப்போன மனுசன். நானும் இந்தச் சுவருக்கு மருமகளா வந்தவள்தான் மிஸ்டர் நாதன் எண்டு ஒருக்கால் சொன்னவ. கடைசிப் படம் கலியாணப் படம். ஐசையா கறுப்புக் கோட்டோட. வைதேகி சீலையோட. பச்சைக் கரை போட்ட அரக்குச் சீலை. முதன்முதல் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டண்டு எனக்குப் பட்டது, மகளின்ர கலியாணத்தை நான் ஒரு அருங்காட்சியகத்திலதான் பாக்கிறன், பழைய சட்டி, பழைய இஸ்திரிப் பெட்டி, பழைய வேதப் புத்தகம், அதுகளோட ஒண்டா. கீழ பேர் போட்டிருக்கு, ஐசையா காஸ்கின், வைதேகி நல்லைநாதன். என்ர பேர். நல்லைநாதன் எண்டா நான். வெள்ளை அட்டையில, சின்னக் கறுப்பு எழுத்தில, இந்தச் சுவரில என்ர பேரும் கிடக்குது. இஞ்ச வந்து பேர் கேட்டவைக்கு நாதன் எண்டு மட்டும் சொன்னன். ஸ்காபரோ பிளாஸ்ரிக் தொழிற்சாலையில இருபத்தாறு வருசம் என்னை அப்பிடித்தான் கூப்பிட்டவை, ஃபோர்மன் முதல் நாளே முழுப் பேரையும் வாசிக்கப் பாத்திட்டு முன் பாதியை எறிஞ்சிட்டான். அப்ப அது எனக்குக் குறையாத் தெரிஞ்சது. இஞ்ச அது வசதியாப் போச்சு.

என்னெண்டு வந்தன் இஞ்ச. மலர் போன பிறகு, என்ர மனுசி இராசமலர், அவளின்ர அலுமாரி ஒரு வருசமாத் திறக்காமக் கிடந்தது. திறந்தன். சீலைக்குக் கீழ ஒரு கடித உறை, அதுக்குள்ள இந்தக் கலியாணப் படத்தின்ர சின்னப் பிரதி, பின்பக்கத்தில இந்த ஊரின்ர விலாசம், வைதேகியின்ர எழுத்து. மலர் எனக்குத் தெரியாமல் எல்லாம் வைச்சிருந்திருக்கிறாள். நான் கோயிலுக்குப் போற ஞாயிற்றுக்கிழமையளில மகளோட கதைச்சிருக்கிறாள். கோயிலால வரேக்கை அவளின்ர முகம் வெளிச்சமா இருக்கும், நான் நினைச்சன் நான் கொண்டு வாற விபூதி பிரசாதத்துக்கெண்டு. வீட்டை வித்தன். பஸ் எடுத்து இந்த விலாசத்துக்கு வந்தன். கதவைத் திறந்தது வேற ஆக்கள். அந்தக் குடும்பம் ஹலிஃபாக்ஸுக்குப் போய் மூண்டு வருசம் எண்டிச்சினம், தாய் இஞ்சதான், அந்தப் பழைய பள்ளிக்கூடத்தை அவதான் பாக்கிறா எண்டு கை காட்டிச்சினம். இதுக்குள்ள வந்தன். மிஸிஸ் காஸ்கின் ஏணியில நிண்டு பல்ப் மாத்திக்கொண்டிருந்தவ. கொஞ்சம் பிடிக்கிறியளோ எண்டா. பிடிச்சன். எழுபத்தொரு வயதில வேற போக்கிடம் எனக்கு இருக்கேல்லை. மகளைத் தேடி வந்தன், அவளின்ர மனுசன்ர முன்னோர் கிடைச்சினம், அவையோட இருந்திட்டன். ஒருக்கால் மிஸிஸ் காஸ்கின் தன்ர போனில பேத்தியின்ர படம் காட்டினவ. ஏழு வயது, முன் பல் ரெண்டு இல்லை. பேர் மலா, தாயின்ர பாசையில பூவெண்டு அர்த்தமாம், என்ர மருமகளும் உங்கட தீவுதான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ எண்டு கேட்டவ. மலா இல்லை மிஸிஸ் காஸ்கின், மலர், கடைசியில ஒரு ர் இருக்கு. அதைச் சொல்ல வாயெடுத்தன். எங்கட ஆக்கள் இஞ்ச கனபேர், எல்லாரையும் தெரியாது எண்டு சொன்னன்.

கதவு. என்ர கடவுளே, கதவு. இல்லை, அவன் இல்லை. ஒரு வெள்ளைக்கார மனுசனும் மனுசியும், மழைக்கோட்டு முழுக்கத் தண்ணி. மனுசி கேட்டா, இஞ்ச கக்கூஸ் இருக்கோ. இருக்கு, உள்ளுக்கு, வலக்கைப் பக்கம். அவ போக, மனுசன் சும்மா நிக்க வெக்கப்பட்டு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் போய், இது பொலிஸ் தொப்பியோ எண்டார். இல்லை சேர், ரெயில் தொப்பி, அந்தக் காலத்தில நித்திரைப் பெட்டியில வேலை செய்தவரின்ர தொப்பி, கட்டில் விரிக்கிறது, பெட்டி தூக்கிறது, சப்பாத்து மினுக்கிறது, கறுப்பு ஆம்பிளையளுக்கு அந்தக் காலத்தில கிடைச்ச வேலை அதுதான், பயணம் போற ஆக்கள் அந்த வேலைகாரர் எல்லாரையும் ஜோர்ஜ் எண்டுதான் கூப்பிடுவினமாம், அவையின்ர சொந்தப் பேரை ஒருத்தரும் கேக்கிறேல்லை. இதெல்லாம் மிஸிஸ் காஸ்கின் சொல்லித் தந்தது, நான் பாடமாக்கி வைச்சிருக்கிறன். அப்ப இவரின்ர பேர் என்ன எண்டு அந்த மனுசன் கேட்டார். கிளெமென்ற் காஸ்கின், முப்பத்தொரு வருசம் ரெயிலில. கிளெமென்ற் எண்டு அவர் ஒருக்கால் தனக்குத்தானே சொல்லிப் பாத்தார். ஐசையாவின்ர பாட்டன். வீட்டை வரேக்கை ரெயில் கொம்பனிச் சவுக்காரத் துண்டுகளைப் பிள்ளையளுக்குக் கொண்டு வருவாராம். மனுசி திரும்பி வந்து கையைத் துடைச்சுக்கொண்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. நீங்கள் இந்தக் குடும்பமோ எண்டு கேட்டா. நான் இல்லை எண்டன். தூசி தட்டிறவன் எண்டன். அவை நன்றி சொல்லிப்போட்டு, காரடிக்கு ஓடிச்சினம்.

ரெண்டு பத்து. ரெண்டு மணிக்குப் போறதெண்டு நினைச்சது போச்சு. ரெண்டரைக்கு. போய் என்ன செய்யிறது, கட்டிலில படுத்து அதிர்வைக் கேக்கிறது. இருந்து என்ன செய்யிறது. அவன் என்னைக் கண்டா மட்டுக்கட்டுவானோ, ஒரே ஒரு தரம்தானே கண்டவன், பதினொரு வருசத்துக்கு முன்னால, ரெண்டு நிமிசம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஸ்காபரோ வீட்டு வாசல், ஐப்பசிக் குளிர், அவனின்ர கையில ஒரு தட்டம், அதில தோடம்பழமும் வாழைப்பழமும், வைதேகி சொல்லிக் குடுத்திருப்பாள். நான் கதவைத் திறக்க முந்தியே சப்பாத்தைக் கழட்டி ஒதுக்குப்புறமா வைச்சிட்டான், சீமெந்துப் படியில வெறும் காலுறையோட நிண்டான். நல்ல உயரம். உயர்தர வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறவன், எங்கட ஆக்களுக்குள்ள ஒரு கணக்கு வாத்தியார் மாப்பிள்ளையா வந்திருந்தா நான் சனத்துக்கு அடிச்சுச் சொல்லியிருப்பன். வணக்கம் எண்டான். பழகிக்கொண்டு வந்த வணக்கம், ண-வில நாக்குத் தட்டுப்பட்டது. உள்ளுக்கு என்ர அக்கா இருந்தவ, அத்தான் இருந்தவர், சோபாவில இருந்து எட்டிப் பாத்தவை. எனக்கு அவையின்ர முகம் முதுகில தெரிஞ்சது. நான் மலரைத் திரும்பிப் பாத்துத் தமிழில, அவனுக்கு விளங்காதெண்டு, சத்தமாத்தான் சொன்னன், இந்தக் காப்பிலியை உள்ளுக்கு எடுக்க ஏலாது. கறுப்பு ஆக்களை எங்கட ஊரில இழிவாச் சொல்லிற சொல். அவன் இன்னும் சிரிச்சுக்கொண்டு நிண்டான், விளங்காமல். பக்கத்தில நிண்ட வைதேகி குனிஞ்சு அவனின்ர சப்பாத்தை எடுத்துக் கையில குடுத்தாள். தட்டத்தைப் படியில வைச்சாள். அந்தப் பழங்களை மலர் எடுத்து உள்ளுக்குக் கொண்டு போனவள், ஒருத்தரும் தின்னேல்லை, கறுத்துப் போய் எறிஞ்சது. என்னை ரொறன்ரோ ரெயிலுக்குள்ள ஒரு பெடியன் என்னைப் பாகிஸ்தான்காரனெண்டு நினைச்சு, பாக்கி எண்டு பழிச்சுத் துப்பினவன், நான் வந்த புதுசு, அண்டிரவு முழுக்க நித்திரை இல்லை, அது எனக்கு நாப்பது வருசமா ஞாபகம். நான் சொன்னதை வீட்டுக்குள்ள சொன்ன ஒரு கதையெண்டு நினைச்சன். இஞ்ச வந்து, இந்தப் படங்களைத் துடைக்கத் துடைக்கத்தான் ரெண்டும் ஒரே துப்பல் எண்டு பட்டது.

ஆஸ்பத்திரியை நினைக்கிறேல்லை. யன்னலை நினைக்கிறன், பின் யன்னல் சட்டம் உக்கிப் போச்சு, மழைத் தண்ணி இறங்குது, நான் துவாய் வைச்சிருக்கிறன், துவாயைப் பிழிஞ்சுபோட்டு வருவம். பிழிஞ்சன். தண்ணி குளிர். மலரின்ர கையும் கடைசியில குளிர். பதினொரு நாள். திடீரெண்டு விழுந்தவள், கணையத்தில புற்றுநோய் எண்டிச்சினம், முழுக்கப் பரவிட்டுது, வீட்டை கொண்டு போக ஏலாது எண்டிச்சினம். அவளின்ர போன் என்ர பொக்கற்றுக்குள்ள. ரெண்டாம் நாள் அது அடிச்சது, தையல் அக்கா எண்டு காட்டிச்சுது. தையல் அக்காவெண்டு ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. திருப்பித் திருப்பி அடிச்சது. நடைபாதையில நிண்டு எடுத்தன், நான் வாய் திறக்க முந்தி அங்கால இருந்து, அம்மா, எண்டு. ஒரு சொல்தான். ஒன்பது வருசத்துக்குப் பிறகு கேட்ட குரல். வெட்டினன். வெட்டிப்போட்டு நிப்பாட்டி வைச்சன். நான் என்ன நினைச்சன் எண்டு இப்பவும் எனக்குச் சரியாத் தெரியேல்லை. அறைக்குள்ள அக்கா, அத்தான், மச்சாள், கோயில் ஆக்கள், கட்டிலைச் சுத்தி எல்லாரும், அதுக்குள்ள அவள் அவனோடையும் பிள்ளையோடையும் வந்து நிண்டா, அக்கா எப்பிடிப் பாப்பா. அதுதான் நினைச்சனான். மனுசி சாகக் கிடக்கேக்கை நான் அக்காவின்ர முகத்தைப் பற்றி நினைச்சனான். மலர் கேட்டவள், இஞ்சருங்கோ, வைதேகிக்குச் சொல்லிப்போட்டியளோ. ஓம் சொல்லிப்போட்டன், வாறாள் எண்டன். அடுத்த நாளும் கேட்டவள், வெளிக்கிட்டிட்டாள் எண்டன். பேந்து கேக்கிறதை விட்டிட்டாள், கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தாள். நேர்ஸ் வந்தாலும் பாப்பாள், கூட்டிறவன் வந்தாலும் பாப்பாள். எல்லாம் முடிஞ்சு மூண்டாம் நாள் வைதேகி மரண அறிவித்தலைத் தமிழ் வானொலியின்ர பக்கத்தில பாத்திருக்கிறாள். அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டவளாம், அம்மா என்னைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ எண்டு. மலர் கேட்டது அக்காவுக்குத் தெரியாது. நினைவில்லாமக் கிடந்தவ பிள்ளை எண்டு சொன்னாவாம். அந்த மறுமொழியை நானும் வைச்சிருக்கிறன். ஆரும் கேட்டா அதுதான். நினைவில்லாமக் கிடந்தவ. ரெண்டு வருசமா அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போட்டன், சில நாள் அது உண்மை மாதிரியும் இருக்கும்.

ரெண்டு அம்பது. கோட்டை எடுத்துப் போட்டிட்டன். ஒரு விளக்கை அணைச்சிட்டன். ரெண்டாவது விளக்கடியில நிண்டுகொண்டிருக்கிறன், கை சுவிச்சில, அமத்தேல்லை, ஏன் அமத்தேல்லை எண்டு என்னை நானே கேட்டுக்கொண்டு நிக்கேக்கை கதவு திறந்தது. ஐசையாவின்ர ஒரு கையில மரம் அரியிற வாள், கக்கத்தில ரெண்டு பலகைத் துண்டு, தலையில மழை. கதவடியில நிண்டு சப்பாத்தைக் கழட்டினான். இஞ்ச ஒருத்தரும் சப்பாத்துக் கழட்டிறேல்லை. பலகையைச் சுவரோட சாத்திப்போட்டு என்னைப் பாத்தான். தாடி வைச்சிருக்கிறான், அதில ரெண்டு மூண்டு நரை. மிஸ்டர் நல்லைநாதன் எண்டான். முழுப் பேரும், பிசகாமல்.

கோட்டுப் பொத்தானைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவன் சொன்னான், அம்மாவுக்கு முதல் மாசமே தெரியும், உங்கட பேர் இந்தச் சுவரில கிடக்கு, நீங்கள் பாதியைச் சொன்னா மற்றப் பாதி அவவுக்குத் தெரியாதோ, எனக்குப் போன் எடுத்தவ, உன்ர மாமனார் இஞ்ச வந்து நிக்கிறார் எண்டு. என்ன செய்யிறார் எண்டு நான் அம்மாவைக் கேட்டன், எண்டான். கூட்டிறார், தூசி தட்டிறார், எலாயஸின்ர கண்ணாடியைச் சுவாசம் விட்டு விட்டுத் துடைக்கிறார் எண்டா. அப்ப அவர் இருக்கட்டும் எண்டு அம்மாவுக்குச் சொன்னன், எண்டான் ஐசையா.

பதினாலு மாசம். அவ வாத்துத் தந்த ஒவ்வொரு கோப்பியும் தெரிஞ்சுகொண்டு வாத்தது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ எண்டு பேத்தியின்ர படத்தைக் காட்டேக்கை அவ எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா, நான்தான் அதைத் திருப்பிச் சாத்தினவன். சொல்ல வேணும், இப்ப சொல்ல வேணும். சொறி எண்டன். பஸ்ஸில ஆரையும் இடிச்சுப்போட்டா சொல்லிற சொல். அது காணாதெண்டு தெரியும். அண்டைக்கு வாசலில நான் சொன்னது, எண்டு தொடங்கினன்.

"வணக்கம் எண்டதுதான் நான் படிச்ச முதல் தமிழ்ச் சொல்," எண்டான் ஐசையா. "நீங்கள் சொன்னது ரெண்டாவது. காருக்குள்ள இருந்து அவளைக் கேட்டன், அவள் சொல்ல மாட்டன் எண்டாள். வீட்டை போய்ச் சேரும் மட்டும் கேட்டன். பேந்து சொன்னாள்."

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"இல்லை," எண்டான். "சொல்லியிருக்கக் கூடாது." கோவம் இல்லை, சிரிப்பும் இல்லை, ஒரு கணக்கின்ர விடையைச் சொல்லிற மாதிரி. சுவரோட சாத்தின பலகையை நிமித்தி வைச்சான். பிறகு, "நீங்கள் சொன்னதைக் கேட்டிட்டன். அதை நான் ஆறுதலாத்தான் யோசிக்க வேணும்," எண்டான். "வைதேகி காரில இருக்கிறாள். நீங்கள் இஞ்ச நிக்கிறது அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லேல்லை, அது எங்கட பிழையோ தெரியாது. இப்ப போய்ச் சொல்லப்போறன். வாறதும் வராததும் அவளின்ர விருப்பம். வராட்டி அவளைத் தேடிக்கொண்டு வெளியில வராதேங்கோ."

"வரமாட்டன்."

அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். கதவுக் கண்ணாடியால பாக்கலாம், பாக்கேல்லை. சுவருக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு நிண்டன். வெளியில கார்க் கதவு ஒண்டு திறந்து அடிச்சுச் சாத்திற சத்தம். பிறகு ஒண்டும் இல்லை. போறாள் போல. போகட்டும், போனா அதுதான் சரி, எனக்கு அவளைக் கூப்பிட என்ன உரிமை இருக்கு. வந்தா என்ன கேப்பாள். கேக்கிறது ஒண்டுதான் இருக்கு. என்னட்டை மறுமொழியும் இருக்கு, பழகி, மினுக்கி, ரெண்டு வருசமா வைச்சிருக்கிறன். அதைச் சொன்னா அவள் அழுவாள், அழுதுபோட்டு ஒரு வேளை என்ர கையைப் பிடிப்பாள், ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில அவைக்குப் பக்கத்தில நான் இருக்கலாம், பிள்ளை என்னைத் தாத்தா எண்டு கூப்பிடும். ஒரு பொய். அதுவும் பாதி, அக்கா முதலே சொல்லிப்போட்டா, நான் ஓமெண்டு தலையாட்டினாக் காணும். மலர் கதவைப் பாத்தது ஆருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது, நான் செத்தா அதுவும் என்னோட போயிடும், மலர் எண்ட ஒருத்தி பதினொரு நாள் தன்ர பிள்ளைக்காகக் கண்ணை மூடாமக் கிடந்தது உலகத்தில நடக்காத விசயமாப் போயிடும்.

கதவு திறந்த சத்தம் எனக்குக் கேக்கேல்லை. குளிர் முதுகில பட்டுத்தான் திரும்பினன். வைதேகி உள்ளுக்கு வந்து நிண்டாள். தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாள், முன்பக்கத்தில தாய்க்கு இருந்த அதே இடத்தில நரை. என்னைப் பாக்கேல்லை. வாங்குகளைப் பாத்தாள், தொப்பியைப் பாத்தாள், துவாயைப் பாத்தாள். நான் கூப்பிடேல்லை. அவள் நிண்ட இடத்தில நிண்டுகொண்டே கேட்டாள்.

"அம்மா என்னைக் கேட்டவவா?"

நினைவில்லாமக் கிடந்தவ. வாய்க்குள்ள வந்து நிண்டது, நாக்கு நுனியில. அவளின்ர கண்ணைப் பாத்தன். அவள் அந்த மறுமொழியை எதிர்பாத்துக்கொண்டுதான் நிண்டாள், கேட்டிட்டுப் போறதுக்கு ஆயத்தமா.

"கேட்டவ," எண்டன். "முதல் நாளே கேட்டவ. உனக்குச் சொல்லிப்போட்டன் எண்டும் நீ வாறாய் எண்டும் நான் பொய் சொன்னன்."



"போனை எடுத்தது நீங்களா?"

"ஓம்."

"நான் அம்மா எண்டு கூப்பிட்டது கேட்டதா?"

"கேட்டது பிள்ளை. கேட்டிட்டுத்தான் வெட்டினன்."

அவளின்ர கை வாயடிக்குப் போய், பாதியில நிண்டு, திரும்பிக் கீழ இறங்கினது. போகப்போறாள் எண்டு நினைச்சன். கதவுப் பக்கம் ஒருக்கால் திரும்பியும் பாத்தாள், கண்ணாடிக்கு வெளியில ஐசையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடைக்குக் கீழ நிண்டான், பிள்ளை எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. வைதேகி அவையைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு ஒரு வாங்கை இழுத்தாள். கோட்டைக் கழட்டேல்லை. கைப்பையைத் தோளில இருந்து எடுக்கேல்லை. ஆனா இருந்தாள், முழங்கால் நெஞ்சுக்குக் கிட்ட வர, அந்தச் சின்ன வாங்கில.

"முதல் நாளில இருந்து சொல்லுங்கோ," எண்டாள். "எல்லாத்தையும். அம்மா என்ன சொன்னவ, நீங்கள் என்ன சொன்னனீங்கள். ஒண்டும் விடாமல். பிறகு நான் யோசிக்கிறன்."

நான் அவளுக்கு எதிர் வாங்கில இருந்தன். செவ்வாய்க்கிழமை காலமை எண்டன். அம்மா குசினிக்குள்ள நிண்டவ, றேடியோவில பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.